பிறர் படைப்பைத் தொடும் கை

ஒருவர் படைத்ததை மற்றொருவர் மாற்றியமைத்தால் அது தொண்டா, துரோகமா? நற்செய்தியை மக்களுக்கு விரித்துரைக்கக் கடமைப்பட்ட நமக்கு இவ்வினா புதிதன்று. இசையுலகில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்கிறோம்.

ஜெர்மானிய இசைமேதை வெபர், 1819இல் 'நடனத்திற்கு அழைப்பு' என்னும் வால்ட்ஸைப் பியானோவுக்கென இயற்றித் தம் மனைவிக்குக் காணிக்கையாக்கினார். இளைஞன் ஒருவன் தன்னுடன் ஆட வருமாறு மங்கையொருத்தியை வேண்டுகிறான். அவள் தயங்கிப் பின் இணங்குகிறாள். ஆடி முடித்து இருவரும் விடைபெறுகின்றனர். வெபர் 1826இல் மறைந்தார். 1841இல் அவருடைய 'பிரைஷூட்ஸ்' இசைநாடகத்தைப் பாரிஸ் ஓபரா மேடையேற்ற முனைந்தபோது, அவ்வரங்கின் மரபுப்படி நடனக்காட்சி ஒன்று வேண்டியிருந்தது. பொறுப்பேற்றவர் பெர்லியோஸ். 1824இல் அதே நாடகத்தை அந்நகரில் காஸ்தில்-பிளாஸ் சிதைத்து அரங்கேற்றியதைக் கடுமையாகச் சாடியவர் அவர். இப்போது அவர் கையே அதைத் தொட வேண்டியதாயிற்று! தம் சொந்த இசையைப் புகுத்த அவர் மனம் ஒப்பவில்லை. வெபரின் வால்ட்ஸையே எடுத்து இசைக்குழுவுக்கென எழுதினார்.

எழுதியபோது அஞ்சி ஒதுங்கினாரா? இல்லை. பியானோவில் தட்டிய ஒலி அக்கணமே தேயத் தொடங்கும். வில்லோ அதை நீளச் செய்யும். ஆகவே இளைஞனின் வேண்டுகோளைத் தனியொரு செல்லோவிடமும், மங்கையின் மறுமொழியைக் குழல் கருவிகளிடமும் ஒப்படைத்தார். வயலின் தந்திகள் இயல்பாக முழங்குமாறு, டி பிளாட்டில் இருந்த சுருதியை அரைச்சுரம் உயர்த்தி டி மேஜர் ஆக்கினார். வெபர் எழுதிய சுரங்களில் ஒன்றுகூடத் தன் பழைய இடத்தில் இல்லை. எனினும் நாம் கேட்பது வெபரையே.

சொல்லுக்குச் சொல் அன்று, பொருளுக்குப் பொருளே பெயர்ப்பதாகப் புனித ஜெரோம் எழுதினார். ஆனால் மறைநூலுக்கு மட்டும் விலக்களித்தார். அங்கே சொல்லின் வரிசையும் மறைபொருள் என்றார். அந்த விலக்கே நம்மை உறுத்துகிறது. விளக்குகிறோம் என்று தொடங்கி, நம் சொந்தப் பாட்டையே பாடி முடித்த ஞாயிறுகள் நமக்கு உண்டு. மக்கள் பாராட்டியதும் அந்த ஞாயிறுகளில்தான்!

பெர்லியோஸுக்கும் அத்தகைய சோதனை இறுதியில் காத்திருந்தது. வால்ட்ஸ் பெருமுழக்கத்தோடு உச்சத்தை எட்டுகிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அரங்கம் அதிர்ந்திருக்கும். வெபரோ அதன்பின் சில மெல்லிய அடிகளை எழுதியிருந்தார். பெர்லியோஸ் அவற்றை நீக்கவில்லை. இன்றும் அவையோர் இசை முடிந்ததென எண்ணிக் கைதட்டிவிடுவதுண்டு. அந்த ஆரவாரம் ஓய்ந்த பிறகே செல்லோ தாழ்ந்த குரலில் நன்றி கூறி விடைபெறுகிறது.