முன்பே கேட்டவர்கள்

'அன்னக்கிளி' 1976 மே மாதம் திரைக்கு வந்தபோது, அதன் இசையமைப்பாளர் இளையராஜாவைத் தமிழ்நாடு புதுமுகம் என்றுதான் வரவேற்றது. மதுரை மாவட்டத்துக்கு அவர் பழைய முகம். திண்டுக்கல்லும் அவர் ஊரான பண்ணைப்புரமும் அப்போது அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. பாவலர் வரதராஜனின் தம்பி ராசய்யா, அண்ணனோடு மேடையேறிப் பாட ஆரம்பித்து ஏறத்தாழப் பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். ஊருக்கே மனப்பாடமான சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் கூலியையும் விலைவாசியையும் ஓட்டையும் பற்றிய சொற்களை வைத்துக் கட்டுவார். மெட்டு முன்பே காதில் இருப்பதால், வரி ஒரு தடவை கேட்டதுமே நெஞ்சில் நின்றுவிடும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடினார், ரோசம்மா வென்றார். அந்தக் காலத்தில்தான் தம்பி ராசய்யாவும் குழுவில் சேர்ந்தார். குரல் உடையாத வயது. பெண் குரலில் பாட வேண்டிய பகுதியெல்லாம் அவருக்கு. அதற்குக் கிடைத்த கைதட்டலையும், குரல் உடைந்ததும் அது நின்றுபோனதையும், பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் போனதையும் இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

திண்டுக்கல் நாகல் நகரில் எழுபது தாண்டியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுப்பார். "அன்னக்கிளிக்கெல்லாம் முந்தியே நான் கேட்டிருக்கேன்ப்பா." எந்த ஊர்க் கூட்டம், எந்த வருடம் என்று நான் தோண்டிக் கேட்பதில்லை. அந்தப் பெருமிதத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அன்று கேட்டது யாரை? இளையராஜா என்ற பெயரே அப்போது கிடையாது. திரைப்பட எழுத்தாளர் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'க்காகச் சூட்டிய பெயர் அது. மைதானத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் கேட்டது, மலையடிவாரத்து ஊரொன்றிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளை. பின்னால் இவர்கள் இன்னாராக வருவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, கேட்டார், கை தட்டினார், விடிந்ததும் வேலைக்குப் போனார். பிற்காலத்துப் பெருமிதத்தைவிட அந்த ராத்திரி அவர் உட்கார்ந்து கேட்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்படிச் சொல்வதற்கு வரதராஜனே காரணம். அந்தக் குழுவின் தலைவர் அவர். பாட்டு கட்டியவர் அவர். கூட்டம் திரண்டதும் அவருக்காக. அவர் 1973இல் இறந்துபோனார். 'அன்னக்கிளி' வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. தம்பியைக் கேட்டவர் பிற்பாடு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அதே மேடையில், அதே ராத்திரியில் அண்ணனைக் கேட்டவர் என்ன சொல்லிக்கொள்வார்? அவர் எதைக் கண்டுபிடித்தார்? புகழ் வந்து முத்திரை குத்தினால்தான் முதலில் கேட்டதற்கு மதிப்பு என்று வைத்தால், வரதராஜனைக் கேட்ட அத்தனை காதுகளும் வீண் என்று ஆகிவிடும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டத் தொழிலாளி ஒருத்தி தன் கூலியைப் பற்றிய பாட்டை முதன்முறையாக ஒலிபெருக்கியில் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பாட்டின் காரியம் அங்கேயே நிறைவேறிவிட்டது.

ராசய்யாவும் சகோதரர்களும் சென்னைக்குக் கிளம்பியபோது தாயார் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று நானூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார். சென்னையில் ராசய்யாவுக்குத் தன்ராஜ் மாஸ்டரிடம் இசைப் பாடம், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளிலும் வாசித்தார்கள். அந்தக் கச்சேரிகளுக்குப் போனவர்களும் 'முன்பே கேட்டவர்கள்'தான். ஆனால் சனத்தின் கண்ணெல்லாம் பாடகர் மேல். பின்னால் கிடாரோடும் ஆர்மோனியத்தோடும் உட்கார்ந்திருந்தவரை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அங்கே இருந்தது வேறு, கேட்டது வேறு. பஞ்சு அருணாசலம் கேட்டார். மேசையில் தாளம் தட்டிப் பாடிக்காட்டிய மெட்டுகளை நம்பி, முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு முழுப் படத்தை ஒப்படைக்கத் துணிந்தார். நஷ்டம் வந்தால் அது தன் வீட்டுக்கும்தான் என்று தெரிந்தே செய்தார்.

கடல் கடந்தும் இதே கதைதான். லிவர்பூலில் பீட்டில்ஸ் குழுவை, பிறகு அதன் மேலாளரான பிரையன் எப்ஸ்டீன் கண்டெடுத்தார் என்பது வரலாறு. 1961 நவம்பர் 9, கேவர்ன் என்ற நிலவறைக் கூடத்தில், மதிய உணவு வேளை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் டெக்கா நிறுவனம் குழுவை வேண்டாம் என்றது. எப்ஸ்டீன் அசராமல் கூடவே நின்றார். அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் அவர் படியிறங்கிப் போன அந்த மதியத்துக்கு முன்பே, ஆபீஸிலும் கடையிலும் வேலை பார்த்த இளம்பெண்கள் சாப்பாட்டு நேரத்தை அங்கே கழித்துக்கொண்டிருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது அவர்களால்தான்.

நாகல் நகர், சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அதே சமூகத்தவரான பாடகர் டி.எம். சௌந்தரராஜனை அங்கே சொந்தக்காரரைப் போலத்தான் பேசுவார்கள். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' வருமுன்னே மதுரையில் அவர் கச்சேரி செய்துகொண்டிருந்தார். பாகவதர் பாட்டைப் பாகவதர் மாதிரியே பாடும் ஆள் என்று தெருவுக்குத் தெரியும். இன்றும் திருவிழா என்றால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னிசைக் கச்சேரி உண்டு. டிரம்களின் மேல் பலகை பரப்பிய மேடை, இரண்டு பக்கமும் டியூப் லைட் கட்டிய கம்பு, 'ஹலோ மைக் டெஸ்டிங்'. ஒரு காலத்தில் டிரம்பெட், வயலின், டபுள் பேஸ் என்று மேடை கொள்ளாத ஆட்கள். கீபோர்டு வந்து பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிச்சம் இருந்தவர்களில் பாதியைப் பென் டிரைவ் அனுப்பிவிட்டது. இருந்தும் பாட ஆள் வேண்டும். சென்ற மாசித் திருவிழாவின்போது ஒரு பையன் டூயட் பாட்டில் இரண்டு குரலையும் தானே பாடினான். ஆண் வரிக்கு மைக்கை வாயருகே வைத்துக்கொண்டான். பெண் வரி வரும்போது கையை நெஞ்சு வரை இறக்கி, கழுத்தை லேசாகத் தூக்கி, சுருதி பிசகாமல் ஏறினான். மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதியை அவசரப்படாமல், ஒவ்வொரு சுரத்திலும் கால் ஊன்றி இறக்கினான். மூல ஒலிப்பதிவில் அந்தச் சங்கதி கிடையாது. அது அவனுடையது. முன்வரிசையில் பாதிப் பேர் கைப்பேசியில் அவனைப் பதிவு செய்தார்கள். பாட்டு முடிந்ததும் அடுத்து எந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டு போனது. பாட்டின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பையனின் பெயரை யாரும் கேட்கவில்லை.

பரவை முனியம்மா மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல காலம் நாட்டுப்புறப் பாட்டு பாடிய பிறகுதான், 2003இல் 'தூள்' படம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அந்த வருடம் அவர் குரலில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. சேர்ந்தது நம் கவனம். அதற்கு முன்பே அவர் பாட்டைக் கேட்டு நாற்று நட்டவர்களுக்கும் திருவிழாவில் விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கும் சினிமா எதையும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர்கள் தடித்த எழுத்தில் வரும். கச்சேரிக்கு ஒரே ஒரு வரி: குழுவின் பெயர், இரவு 9 மணி. பாடுகிறவர், கீபோர்டு, தபலா, ரிதம் பேட் என்று ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் போட வேண்டும் என்று எங்கள் பகுதி விழாக்குழுவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடம் பத்தாது என்கிறார்கள். அந்தப் பையனிடம் பேசியபோது, "பேரு போட்டா நல்லாத்தான் இருக்கும் சார். அம்மாகிட்ட காட்டுவேன்" என்றான். வத்தலக்குண்டு பக்கம் அவன் ஊர். பகலில் லேத் பட்டறையில் வேலை. பங்குனி, சித்திரை முழுக்கக் கச்சேரி இருக்கிறதாம். ஆடி முடிந்தால் அடுத்த தை வரைக்கும் பட்டறை மட்டும்தான். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் இதை விழாக்குழுவிடம் மறுபடியும் கேட்கப் போகிறேன்.