சோனியாவின் கணக்கு

சிக்கனம் நல்ல குணம் என்கிறோம். யாருடைய குணம் என்று கேட்பதில்லை. கேட்டால் பேச்சு அறத்திலிருந்து நழுவி அடுக்களைக்குள் போய்விடும். அங்கே போக நமக்கு அவகாசம் இருந்ததில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு ஒரு நூல் மில் குமாஸ்தாவின் சம்பளத்தில் நடந்தது. அப்பா, பாட்டி, மூன்று பிள்ளைகள், அம்மா. சம்பளம் வந்த மறுநாள் பலசரக்குக் கடைக்குச் சிட்டை எழுதுவாள் அம்மா. மாதத்தின் முதல் பத்து நாள் சாம்பாரில் காய் இருக்கும். அடுத்த பத்தில் காய் குறைந்து புளி கூடும். கடைசிப் பத்துக்குக் கோடையில் காயவைத்த கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும், பருப்புத் துவையலும் ரசமும். ஒரே மாவு முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தபின் பணியாரம். வடித்த கஞ்சியில் ஒரு டம்ளர் பாட்டிக்கு, மீதி அப்பாவின் வேட்டிக்கு. உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி திரும்பவும் பானைக்கே போகும். எந்தப் பொருளும் இரண்டு தடவை பயன்படாமல் வீட்டை விட்டு வெளியேறியதில்லை. இதை ஒரு கலை என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறேன், சின்ன வயதில், ஒரு கவிதையாக. நல்ல வேளையாக யாரும் பிரசுரிக்கவில்லை.

அந்தக் கவிதையில் அம்மாவின் தட்டு இல்லை. அவள் எல்லாருக்கும் பின்னால் சாப்பிட்டாள், மிஞ்சியதைச் சாப்பிட்டாள், மிஞ்சாத நாளில் நீச்சத்தண்ணி குடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வரும் அப்பா சில மாதங்களில் நூறு கிராம் பால்கோவா வாங்கி வருவார். ஐந்து பங்கு. தாளில் ஒட்டியது அம்மாவுக்கு. இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. ஐந்து பேருக்கும் அவள் மேல் பிரியம்தான். பிரியத்துக்கு நடுவில் நடந்ததால்தான் இதைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

கருமியை அடையாளம் காண்பது சுலபம். 1833இல் பால்ஸாக் எழுதிய 'யூஜெனி க்ராந்தே'யில் கிழவன் க்ராந்தே காலையில் ரொட்டியையும் மெழுகுவர்த்தியையும் எண்ணிக் கொடுக்கிறான். சர்க்கரை அவன் வீட்டில் பெரிய விவகாரம். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் வெறுக்கவும் நமக்குச் சிரமம் இல்லை. நம் வீடுகளில் க்ராந்தே கிடையாது. ஆனால் அவன் மனைவியும் யூஜெனியும் இருக்கிறார்கள். க்ராந்தே இல்லாமலேயே க்ராந்தேயின் வீடு நடக்கிறது என்பதுதான் நம்முடைய விசேஷம்.

வேறு விதமான சிக்கனம் அடுத்த ஊரிலேயே இருக்கிறது. ஆண்டாளின் நோன்பு இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்குகிறது. கண்ணுக்கு மை கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. 27ஆம் பாசுரத்தில் நகையும் புதுத்துணியும் வந்து, பால்சோறு நெய்க்குள் மறைந்து, நெய் முழங்கைக்கு இறங்குகிறது. பக்தர்கள் இதை வேறு தளத்தில் வாசிப்பார்கள். அது அவர்கள் உரிமை. எனக்குப் படுவது, அங்கே விலக்கிய கையும் நெய் வழியும் கையும் ஒன்று என்பது. நோன்பு எல்லாப் பெண்களுக்கும், விருந்தும் அவர்கள் எல்லாருக்கும். எங்கள் வீட்டில் விலக்கிய கை ஒன்று, வழிந்த கை இன்னொன்று. ஒவ்வொரு கூடாரவல்லிக்கும் அக்காரவடிசில் செய்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அம்மா பானையை வழித்தாள்.

வள்ளுவரிடமும் இந்தக் கோளாறு உண்டு என்று நினைக்கிறேன். வரவுக்குத் தக்க செலவு வாழ்க்கைத் துணைநலத்தில் மனைவியின் இலக்கணமாகிறது. வருவாய் சிறுத்தாலும் செலவு பெருக்காவிட்டால் கேடில்லை என்ற அதே கணக்கு, பொருட்பாலில் வலியறிதலில் வருகிறது. அரசன் செய்தால் அதற்கு வலிமை என்று பெயர். அவள் செய்தால் மாண்பு. மாண்புக்குப் படைபலம் கிடையாது.

புத்தகங்களுக்கு வருகிறேன். அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டு வந்தவற்றில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950லிருந்து 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்ததைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டியது. மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிய பத்திரிகை. கடைசியில் படிக்கிற வீட்டுக்குத்தான் கிழிக்கும் உரிமை. அவள் வீடு கடைசி வீடு. கடைசியில் இருந்ததற்காக அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம் அதுவாக இருக்கலாம். கல்கியின் எழுத்தைப் பற்றி நம் வட்டம் சொன்னதையெல்லாம் அவள் காதுபட நானும் சொன்னேன். அந்தத் தையலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அங்கே போவேன். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் புத்தகமாக்கிய ரங்கநாதன், நான்காவது விதியை வாசகனின் நேரத்தைச் சேமிப்பதற்காக வைத்தார். என் நேரத்தை நூலகம் கொஞ்சம் சேமித்தது. என் தட்டைக் கழுவி, சட்டை துவைத்து, ரேஷன் வரிசையில் நின்று, பெரும்பகுதியைச் சேமித்தவள் எந்த விதியிலும் இல்லை. காசு இல்லாத வீட்டில் நேரம்தான் செலாவணி. பெரிய நாவல் ஒன்றைப் படிப்பது அந்த வீட்டின் மிகப் பெரிய ஆடம்பரம். அதை நான் செலவழித்தேன்.

'போரும் வாழ்வும்' ஒரு நண்பரிடமிருந்து இரவலாக வந்தது. எங்கள் ரயில் பாதையில் தெற்கே போனால் வரும் தென்காசியின் டி. எஸ். சொக்கலிங்கம் செய்த மொழிபெயர்ப்பு. பத்து நாள் வேறு வேலை பார்க்கவில்லை. ராத்திரி கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டு அம்மா கதை கேட்பாள். பக்ராத்தியோனுக்காக ராஸ்டோவ் பிரபு ஏற்பாடு செய்யும் பெரிய விருந்தைச் சொன்னேன்.

“ஏய்யா, இத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டது யாரு?”

“சமையல்காரங்க. பண்ணை அடிமைங்க.”

“அவுக கதையில வாராகளா?”

தலைமைச் சமையல்காரன் ஃபியோக்திஸ்தின் பெயர் வருகிறது, அவ்வளவுதான் என்றேன். அவள் காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேள்வி எனக்கு வெகுளித்தனமாகப் பட்டது. நான் அப்போது சரித்திரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் திரும்பப் படித்தபோதுதான் முடிவுரையில் வரும் மாஸ்கோ வீடு கண்ணில் பட்டது. பிரபு கடனை வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். நிகோலாயின் 1,200 ரூபிள் சம்பளத்தில் அவனும் தாயும் சோனியாவும் வாழ வேண்டும். வறுமை தாய்க்குத் தெரியக் கூடாது. அவள் தோழியை அழைத்துவர வண்டி கேட்கிறாள், விலை உயர்ந்த பண்டம் கேட்கிறாள், மகனுக்கு ஒயின் கேட்கிறாள். வீட்டை நடத்துவதும், கிழவிக்கு வாசித்துக் காட்டுவதும், அவள் முரண்டுகளைப் பொறுப்பதும், இல்லாமையை மறைப்பதும் சோனியா. நிகோலாய் அவளுக்குத் தீராத கடன்பட்டிருப்பதாக உணர்கிறான். குறையில்லாமல் இருக்கிறாள் என்பதற்காகவே மனசுக்குள் அவளைக் குறைசொல்லவும் செய்கிறான். காய்க்காத பூ என்று நடாஷா தீர்ப்புச் சொல்கிறாள். டால்ஸ்டாய் அதை மறுப்பதாகத் தெரியவில்லை. சிருஷ்டியில் அவ்வளவு பெரியவர் இங்கே எங்கள் வீட்டு ஐந்து பேரில் ஒருவராகிவிடுகிறார். சோனியாவிடம் இல்லாததை மட்டும் பார்க்கிறார். 1,200 ரூபிளில் ஒரு பிரபு வீட்டுத் தோற்றத்தை நிறுத்தி வைப்பதற்கு எவ்வளவு புத்தி வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

புத்தி என்றுதான் சொல்கிறேன். தியாகம் என்றால் அம்மாவுக்கே கோபம் வரும். கணக்கு அவளுடைய கர்வம். அதைப் பரிதாபமாக மாற்றினால், தட்டில் எடுத்துக்கொண்டதோடு அதையும் எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். என் புகார் கணக்கின் மேல் இல்லை. கணக்கு எழுதியவளின் பெயர் பங்கு விழுகிற பக்கத்தில் இல்லாததன் மேல்.

இது நம் காரியத்துக்கும் வரும். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா, புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். பத்திரிகைக்காக மனைவியின் நகை போனது என்பதையும் அதே மூச்சில், அதே பெருமையோடு சொல்கிறோம். சுமந்தவர் தானே தேர்ந்து சுமந்தார். நகைக்குரியவரின் பேச்சை நம்மில் யார் கேட்டு எழுதினோம்? நான் நடத்தியது நாலே இதழ். மூன்றாவது இதழின் காகிதச் செலவு கடுகு டப்பாவிலிருந்த அம்மாவின் சிறுவாடு. சந்தா அனுப்பிய பதினேழு பேருக்கும் அதில் பெயர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிய கடைசி வருஷங்களில் அந்த முடிவுரையை வாசித்துக் காட்டினேன். 1,200 என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள். எத்தனை பேர், வாடகை உண்டா, கிழவி மாதம் எத்தனை தடவை வண்டி கேட்பாள் என்று விசாரித்தாள். விரலில் கொஞ்ச நேரம் எண்ணினாள்.

“அந்தப் புள்ள என்ன சாப்பிட்டுச்சுன்னு போட்டிருக்கா?”

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். போடவில்லை.