சூரன் மகன் இரணியனும் நான் ஃபார்வர்ட் பண்ண மெசேஜும்

ஓம் சரவணபவ!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. காரணம் சிம்பிள். இதில் முதல் தப்பு என்னோடது.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், விடியற்காலை. எங்க கோவையில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னாடி ஒரு கார் வெடிச்சது. உள்ளே இருந்த ஆள் அங்கேயே இறந்துபோனார். அவர் வீட்டிலிருந்து வெடிமருந்து தயாரிக்கும் ரசாயனங்களை எடுத்ததா போலீஸ் சொன்னாங்க. கேஸ் என்.ஐ.ஏ. கைக்குப் போச்சு.

கோயில் வாசல்ங்க. அப்பன் வீட்டு வாசலில் வெடிச்சா மகனோட அடியாருக்குக் கோபம் வராதா? வந்தது. அந்தக் கோபத்தை நான் இன்னிக்கும் தப்புன்னு சொல்லலை. தப்பு அதுக்கப்புறம் நடந்தது. "இவங்க கடையில் தீபாவளிக்கு ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காதீங்க"ன்னு ஒரு மெசேஜ் வந்தது. முழுசாப் படிக்கக்கூட இல்லை, மூணு குரூப்புக்குத் தட்டிவிட்டேன். அதில் ஒண்ணு எங்க மருதமலை பாதயாத்திரை குரூப்.

புதன்கிழமை ஆபீஸ். பக்கத்து சீட்டில் கரும்புக்கடைப் பையன், காலேஜில் இருந்தே பழக்கம். நான் சஷ்டி விரதம்னா அந்த ஆறு நாளும் என் முன்னாடி டீகூடக் குடிக்க மாட்டான். அன்னிக்கு வந்தவன் பையைக்கூட இறக்கலை. "ஸாரி மச்சான்"னான்.

"எதுக்குடா?"

"இல்ல... கோயில் விஷயம்."

அவன் என்ன பண்ணினான்? காரை ஓட்டினானா? வீட்டில் பொண்டாட்டியும் அம்மாவும் ரெண்டு நாளா வெளியே போகலைன்னு அப்புறம்தான் சொன்னான். மன்னிப்பு கேட்க வேண்டிய ஆள் நான். என் போன்ல அந்த மெசேஜ் அப்படியே இருக்கு. நான் ஒண்ணும் பேசலை. "விடுடா"ன்னு மட்டும் சொன்னேன். மன்னிச்சுவிடுற பெரிய மனுஷன் மாதிரி!

30-ஆம் தேதி மருதமலையில் சூரசம்ஹாரம் பார்க்க நின்னப்போ இதுதான் உள்ளே ஓடிக்கிட்டு இருந்தது.

சூரன் மாமரமா நின்னதும், வேல் பிளந்ததும், மயிலும் சேவலுமா ஆனதும் நமக்கு மனப்பாடம். ஆனா கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணத்தில் நாம அதிகம் பேசாத ஒருத்தன் இருக்கான். சூரனோட சொந்த மகன் இரணியன். முருகனை எதிர்க்காதீங்கன்னு அப்பாகிட்டயே சொல்றான். அப்பன் திட்டினதும் போருக்கு வரத்தான் செய்யறான். கடைசியில் அப்பாவுக்கு ஈமக்கடன் செய்ய ஒரு ஆள் வேணுமேன்னு மீன் உருவம் எடுத்துக் கடலுக்குள்ளே மறைஞ்சுடறான். கிரௌஞ்ச மலையையே துளைச்ச வேலுக்கு ஒரு மீனைப் பிடிக்கத் தெரியாதா? சூரன் ரத்தம்தானேன்னு அவனைத் துரத்திப் போகலை.

குலம்தான் குற்றம்னா கணக்கு இன்னும் சிக்கலாகும். சூரனுக்கும் அப்பா காசிபர், இந்திரனுக்கும் அப்பா காசிபர். சூரன் பண்ணினதுக்கு குடும்பத்தையே பிடிக்கணும்னா, தெய்வானை அம்மாவோட பிறந்த வீட்டையும் சேர்த்துத்தான் பிடிக்கணும்.

"அப்போ கையைக் கட்டிட்டு சும்மா இருக்கணுமா ப்ரோ?"ன்னு கேட்பீங்க. முருகன் சும்மா இருந்தாரா? முதலில் வீரபாகுவைத் தூது அனுப்பினார். கேட்கலை, போர் நடந்தது. எதிர்த்து நின்னவங்க அழிஞ்சாங்க, மகேந்திரபுரி கடலுக்குள்ளே போச்சு. அதை நான் மறைக்கலை. ஆனா சிறையில் அடைச்சவன் யாரு, கொடுமை பண்ணினவன் யாருன்னு தெரிஞ்சுதான் வேல் கிளம்பியது. நம்ம நாட்டில் அந்த வேலையைச் செய்ய போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. நம்ம கையில் இருக்கிறது போன்தான். அதை வேல்னு நினைச்சுக்கறதுதான் பிரச்சனையே.

எங்க ஊருக்கு இது புதுசும் இல்லை. 1997 நவம்பரில் உக்கடத்தில் டியூட்டியில் இருந்த ஒரு போக்குவரத்து போலீஸ்காரரைச் சில பேர் குத்திக் கொன்னாங்க. கொன்னது சில பேர். ஆனா அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தாங்க, அவங்க கடைகள் எரிஞ்சது. 1998 பிப்ரவரி 14, அதுக்குப் பழின்னு சொல்லி அல் உம்மா ஆளுங்க ஊர் முழுக்கக் குண்டு வெச்சாங்க. அரசு ஆஸ்பத்திரியைக்கூட விடலை. 58 உயிர். நான் அப்போ கைக்குழந்தை. அந்தப் பாவத்துக்கு எந்தக் காரணமும் சமாதானம் ஆகாது. கேஸ் நடந்தது, பாஷாவுக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது. சரியான ஆளுக்கு.

ஆனா அந்த மூணு மாசத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சா ஒண்ணு தெரியுது. கடையை எரிச்சவன் போட்ட கணக்கும் குண்டு வெச்சவன் போட்ட கணக்கும் ஒண்ணுதான்: "செஞ்சவன் கிடைக்கலைன்னா என்ன, அவன் ஆளுங்க கிடைப்பாங்க." என் ஃபார்வர்டும் அதே கணக்குதான், சின்ன எழுத்தில்.

நம்ம ஐ.டி. மக்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சர்வர்ல ஒருத்தன் அட்டாக் பண்ணினா அவனோட ஐ.பி.யைத் தேடிப் பிளாக் பண்ணுவோம். பயந்துபோய் அந்த ஏரியா கஸ்டமர் மொத்தப் பேரையும் பிளாக் பண்ணினா, அட்டாக் பண்ணினவன் வீட்டில் உட்கார்ந்து சிரிப்பான். நல்லவங்க உள்ளே வர முடியாம போகணும்னுதானே அவன் பார்த்தான்? அந்த வேலையை நாமளே முடிச்சுக் கொடுத்துட்டோம்.

அந்த நவம்பரிலேயே உக்கடம் பகுதி ஜமாஅத் பெரியவங்க கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு நேரில் வந்தாங்க. கோயிலில் அவங்களை வரவேற்றுப் பேசினாங்க. இந்தச் செய்தி நம்ம எத்தனை குரூப்பில் ஓடுச்சு? எனக்கு ஒண்ணில்கூட வரலை, பேப்பரில்தான் பார்த்தேன்.

சம்ஹாரம் முடிஞ்சு படி இறங்கும்போதே மூணு குரூப்பிலும் போட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பின மெசேஜ் தப்பு. முருகன் மேல ஆணையா அதை நம்பி யாரும் எதுவும் செய்யாதீங்க." ஒருத்தர் என்னைக் கேவலமாத் திட்டினார். ரெண்டு பேர் குரூப்பை விட்டே போனாங்க. பாதயாத்திரை குரூப்பில் எப்பவும் வாயே திறக்காத ஒரு அக்கா மட்டும் ஒரு மயில் படம் போட்டாங்க.

அடுத்த நாள் ஆபீஸில் அவன்கிட்ட போனை நீட்டி ரெண்டு மெசேஜையும் காட்டினேன். முதல் மெசேஜை ரொம்ப நேரம் பார்த்தான். ரெண்டாவதைப் படிச்சான். போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, "விரதம் முடிஞ்சுதுல்ல? வா, டீ குடிக்கலாம்"னான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!