பூட்டாத அலமாரி

சீடன்: ஐயா, பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுக்கச் சொல்கிறீர்கள். என் மூன்றாம் வகுப்பில் கொடுத்துத்தான் இருக்கிறேன். நான் வெளியே போனால், பேசுகிறவர்கள் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதி வைப்பான்.

குரு: எழுதியபின்?

சீடன்: வந்து கண்டிப்பேன்.

குரு: உன் பிரம்பை ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். மற்றவர்களிடம் என்ன கொடுத்தாய்? திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்காக மற்றப் பிள்ளைகளை அடக்கிய சட்டாம்பிள்ளையும் உன் வகுப்புத் தலைவன் செய்வதைத்தான் செய்தான். பிறர்மேல் அதிகாரம் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். தன் வேலைக்குத் தானே பொறுப்பு என்பதை வகுப்பு முழுமைக்கும் கொடுக்கலாம்.

சீடன்: எட்டு வயதுப் பிள்ளைகள், ஐயா. விவரம் தெரிந்தபின் கொடுத்தால் ஆகாதா?

குரு: கொடுக்காமல் விவரம் எப்படித் தெரியும்? 1907-ல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கற்றல் பொருள்களை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை பூட்ட மறந்தவர், மறுநாள் தாமதமாகவும் வந்தார். பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையில் இறங்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. தனக்கு எது வேண்டும் என்று குழந்தைக்கே தெரிகிறது என்று மாண்டிசோரி கண்டுகொண்டார். பிறகு பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகள் வந்தன. உன் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள் அவர்கள். அந்த அம்மையார்தான் 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

சீடன்: எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் பாடம் என்ன ஆவது?

குரு: அலமாரியில் எதை வைப்பது என்பது ஆசிரியரின் முடிவு. அதிலிருந்து எடுப்பது குழந்தையின் முடிவு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்பு தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் இந்த எல்லை இருந்தது. சுவரில் கற்றல் ஏணி இருக்கும். குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையை எடுத்துவந்து உட்காரும். படிகளின் வரிசை மாறாது. ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது குழந்தையைப் பொறுத்தது.

சீடன்: தப்பாகச் செய்தால் நான்தானே திருத்த வேண்டும்?

குரு: எல்லாத் தப்பையும் நீயே சொல்லிக்கொண்டிருந்தால், சரிபார்ப்பது உன் வேலை என்று குழந்தை விட்டுவிடும். மாண்டிசோரியின் உருளைக் கட்டையைப் பார்த்திருக்கிறாயா? பத்துக் குழி, பத்து உருளை. ஒரு மெல்லிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் கையில் ஓர் உருளை மிஞ்சும், மீதமுள்ள குழியில் அது இறங்காது. குழந்தை நிமிர்ந்து உன்னைப் பார்க்காது. குழிகளைப் பார்க்கும், ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும், மறுபடி போடும். தப்பு தன் கண்ணுக்கே தெரியும்படி வேலையை அமைத்துக் கொடு. பொறுப்பு அங்கேதான் பிறக்கிறது.

சீடன்: அப்படியானால் வகுப்பில் எனக்கு வேலை குறைந்துவிடும்.

குரு: கூடும். முன்னால் நின்று எல்லாருக்கும் ஒன்றையே சொல்லும்போது யாருக்குப் புரிந்தது என்று உனக்குத் தெரிவதில்லை. அவரவர் வேலையில் இருக்கும்போதுதான் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியும், தடுமாறுகிறவனிடம் போய் உட்கார முடியும்.

சீடன்: ஒருவன் எதையுமே எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனை என்ன செய்வது?

குரு: மற்றவர்கள் தாமாக வேலை செய்வதால் மிஞ்சும் நேரம் அவனுக்குத்தான். பத்து அட்டையைப் பார்த்து மிரண்டிருப்பான். அவன் முன்னால் இரண்டை மட்டும் வை. எடுக்கும்வரை காத்திரு. எளிதானதை எடுத்தாலும் செய்து முடிக்க விடு.

சீடன்: எளிதானது என்று தெரிந்தும் விடுவதா? கடினமானதை எடுக்கச் சொல்லித் தூண்டலாமே?

குரு: நாளை வைக்கும் இரண்டையும் கொஞ்சம் கடினமாக வை. அந்த உரிமை உனக்கு உண்டு. அவன் எடுத்தபின் ‘அது வேண்டாம், இதை எடு’ என்று மட்டும் சொல்லாதே. ஒருமுறை சொன்னாலே போதும், அதன்பின் அட்டையைப் பார்த்து எடுக்க மாட்டான், உன் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பான்.