சிராவகரின் குதிரை

அனந்தகாயம் என்று ஜைன நூல்கள் விலக்கிய கிழங்கை, அஹிம்சையே பரமதர்மம் என்று விரதம் பூண்ட ஒரு சிராவகர், அதாவது ஜைன இல்லறத்தார், தம் லாயத்துக் குதிரைக்குப் பிரியமாக ஒரு துண்டு கொடுக்கலாமா என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றினாலும், அன்பினால் கொடுப்பதெல்லாம் தானமாகிவிடுமா என்ற பெரிய விசாரத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

விலக்கின் காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். பழத்தைப் பறித்தாலும் கீரையைக் கிள்ளினாலும் செடி பிழைத்திருக்க, காரட்டையோ முள்ளங்கியையோ பிடுங்கும்போது அச்செடியின் வாழ்வே முடிந்துபோகிறது என்பதோடு, மண்ணுக்குள் விளையும் கிழங்கு எண்ணிறந்த ஜீவன்கள் ஒரே சரீரத்தைப் பகிர்ந்து வாழும் இடம் என்பதும் ஜைன சித்தாந்தம். ஆதலால்தான் செஞ்சி, வந்தவாசிப் பக்கங்களில் ஆசாரம் பிசகாத தமிழ் ஜைனரான நயினார் வீடுகளில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுப்பேறுவதில்லை. குதிரையோ ஐம்புலனும் மனமும் வாய்த்த ஜீவன். மூன்றாம் தீர்த்தங்கரரான சம்பவநாதருக்கு இலாஞ்சனமாக, அதாவது அடையாளச் சின்னமாக, அமைந்த பெருமையும் அதற்குண்டு.

விரதம் ஏற்றவர் எஜமானரே தவிரக் குதிரை அன்றே என்று வாதிக்கலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினை வந்து சேரும் வாயில்களாகக் கொண்ட ஒரு தர்சனத்தில் அந்த வாதம் நெடுந்தூரம் செல்லாது.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்று தானத்தை ஜைனர்கள் நான்காக வகுத்தார்கள். சாஸ்திரம் குதிரைக்கு வேண்டியதில்லை என்பதை யாவரும் ஒப்புவர். நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்வதிலேயே கழிக்கும் இயல்புடைய பிராணிக்கு, நூற்றுக்கு 88 பங்கு நீரேயான காரட் பசி தீர்க்கும் ஆகாரமாகாது, மருந்தும் ஆகாது. அளவு மிஞ்சினால், அதிலுள்ள சர்க்கரை, அதற்கு இடங்கொடுக்கும் உடல்வாகுள்ள குதிரைகளுக்குக் குளம்பினுள் அழற்சியை வளர்த்து நடையையே கெடுத்துவிடக் கூடும். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த உருளைக்கிழங்கோ அதற்கு நஞ்சாகலாம். வாந்தியெடுக்கும் சக்தியும் இல்லாத அந்த வாயில்லா ஜீவனுக்கு உள்ளே போனதை வெளியே தள்ளவும் வழியில்லை. அது கழுத்தை நீட்டி, உதட்டால் துழாவி வாங்கித் தின்பதைக் கண்டு களிப்பவர்கள் நாமே. அந்தக் களிப்புக்காக ஒரு செடி மாண்டதைத் தானக் கணக்கில் எழுதிக்கொள்வது, என் அபிப்பிராயத்தில், கொஞ்சம் அதிகம்தான்.

ஆயினும் நான்காவதான அபயத்தை எண்ணும்போது மனம் சற்று இளகுகிறது. சாட்டையை ஓங்கிப் பழக்குவதே வழக்கமான ஓர் இடத்தில், இனிப்பான ஒரு துண்டைக் காட்டியே, கடிவாளத்துக்கு வாய் திறக்கவும், இலாடம் அடிக்கக் காலைத் தூக்கிக் கொடுக்கவும் குதிரையைப் பழக்குகிறவர், அதன் பயத்தைப் போக்கிய அளவுக்கு அபயதானம் செய்தவரே ஆவார். இந்தப் பயன் கிழங்கு ஒன்றினால்தான் கிட்டும் என்றிருந்தால், சாட்டையடியையும் செடியின் சாவையும் எதிரெதிரே வைத்து நிறுக்கவேண்டிய தர்மசங்கடம் நேர்ந்திருக்கும். வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் குதிரை அவ்வாறே வசப்படுவதால் அந்தச் சங்கடத்துக்கு இடமேயில்லை. சிராவகர் பழத்தையே கொடுக்கட்டும். அவ்விரதம் இல்லாதவர்கள் காரட் கொடுப்பதானால், வட்டவட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டத்துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.