ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்

(அர்ச். மத்தியாஸ் அப்போஸ்தலர் திருநாளை முன்னிட்டு)



சில வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, மில்லில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பள்ளிக்கூடத்துக் கால்பந்தாட்ட அணியில் சேர்ந்தவன். தகப்பனாருக்கு மனத்தாங்கல். "சாமி, இவன் இனிமேல் பந்தாடப் போக வேண்டாமுங்க. வருஷம் பூராவும் ஓரத்துலயே உட்கார வெச்சுட்டாங்க. உட்காருறதுக்கா கடன் வாங்கி பூட்ஸ் எடுத்துக் குடுத்தனுங்க?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்தபடி கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

"பொறுமையாயிருக்கச் சொல்லுங்கள்" என்று நான் ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாயில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடியும் அணிக்குப் பிள்ளைகளைப் பொறுக்குவார்கள். அதற்குள் அவருக்கும், அவரைப் போன்ற மற்றப் பெற்றோருக்கும் சரியான பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

மே மாதம் 14-ந் தேதி அர்ச். மத்தியாஸ் திருநாள். இந்த அப்போஸ்தலர் எப்படி அப்போஸ்தலர் ஆனார் என்பதை நினைத்துப் பாருங்கள். யூதாஸ் விழுந்துபோனதால் பன்னிருவரில் ஓர் இடம் காலியாயிற்று. அப்போது அர்ச். இராயப்பர் ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்த சபையில் எழுந்து, அந்த இடத்துக்கு வரவேண்டியவன் எப்படிப்பட்டவனாயிருக்க வேண்டும் என்று சொன்னார். அருளப்பர் ஞானஸ்நானம் கொடுத்த நாள் தொடங்கி, ஆண்டவர் மோட்சத்துக்கு ஆரோகணமான நாள் மட்டும் தங்களோடு கூடவே இருந்தவனாக இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட தகுதி. அப்படிப்பட்ட இருவர் கிடைத்தார்கள். ஒருவர் மத்தியாஸ். மற்றவர் யூஸ்துஸ் எனப்பட்ட பர்சபா என்னும் சூசை. சீட்டு மத்தியாஸின் பேருக்கு விழுந்தது.

ஆகையால் இந்த இருவரும் சேசுநாதர் கூடவே நடந்திருக்கிறார்கள். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பட்ட பாடுகளுக்குப் பிறகும் ஓடிப்போகாமல் நின்றிருக்கிறார்கள். ஆனால் பன்னிருவரின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களைப் பற்றிச் சுவிசேஷத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. இத்தனை காலமும் அவர்கள் ஓரத்தில் இருந்தவர்கள். ஆயினும் திருச்சபைக்கு ஆள் தேவைப்பட்ட அன்று, "தகுதியானவன் யார்?" என்று தேடி ஊர் ஊராய் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரே இடத்துக்கு இருவர் ஆயத்தமாயிருந்தார்கள்.

இனிப் பந்தாட்டத்துக்கு வருவோம். களத்தில் இறங்குகிறவர்கள் பதினொரு பேர். அப்படியிருக்க, அணிக்கு ஏன் பதினெட்டுப் பேர், இருபது பேர்? நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு விடை எளிது. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகும். இன்னொருவனுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். வேறொருவனுடைய குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடிபெயர்ந்துவிடும். அப்போது பழக்கமில்லாத ஒருவனைப் பிடித்து நிறுத்தினால் ஆட்டமும் கெடும், அவனுக்கும் அடிபடும். இது மட்டுமல்ல. முதல் பதினொருவர் அன்றாடம் மாலையில் யாரோடு ஆடிப் பழகுகிறார்கள்? ஓரத்துப் பையன்களோடுதானே! எதிரே நிற்கிறவர்கள் முழு மனதோடு முட்டி மோதி ஆடினால்தான் இவர்களுக்குத் திறமை ஏறும். எனவே சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு நிமிஷமும் இறங்காத பையனும், திங்கள் முதல் வெள்ளி வரை அந்த வெற்றிக்கு உழைத்தவனே.

இரண்டாவது காரியம், ஒரே பையன் இரண்டு வேலைக்கும் பழகியிருப்பது. முன்னேறிக் கோல் போடவும் வேண்டும், பின்வாங்கித் தடுக்கவும் வேண்டும். காங்கேயம் காளையை நம் குடியானவர்கள் ஏன் மெச்சினார்கள்? உழவுக்கும் அதே மாடு, வண்டிக்கும் அதே மாடு, கவலை இறைக்கவும் அதே மாடு. முன்வரிசையில் ஆடிப் பழகியவன் பின்வரிசைக்கு வந்தால், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தானும் அப்படித் திரும்பிப் பழகியவன் அல்லவா?

இதற்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் குன்னூரை அடுத்து வெல்லிங்டன். அங்கே மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாளத்தின் பயிற்சி நிலையம் உண்டு. 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்த பீட்டர் தங்கராஜ், முதலில் முன்வரிசையில் சென்டர் பார்வர்டாக ஆடியவர். பிறகு கோல்கீப்பராக மாறினார். கோல் போட்டுப் பெயர் வாங்கும் இடத்தை விட்டு, கோல் விட்டால் பழி வாங்கும் இடத்துக்குப் போவது லேசான காரியமா? ஆனால் 1955-லும் 1958-லும் அந்த ரெஜிமெண்ட் அணி டூரண்டு கோப்பையை வென்றது. தங்கராஜ் 1956-ல் மெல்பர்ன், 1960-ல் ரோமாபுரி ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இந்தியாவுக்காகச் சென்றார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

அதே தங்கராஜ் 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயத்துக்கும் போனார். அங்கே நடந்ததைக் கவனமாய்க் கேளுங்கள். தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில், பின்வரிசையின் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். தென் வியட்நாமுடன் ஆடிய அரையிறுதியில் ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என்று ஜெயித்தது. செப்டம்பர் 4-ந் தேதி தென் கொரியாவோடு இறுதி ஆட்டம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. ரஹீம் அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தவர். மறு வருஷம் ஜூன் மாதம் காலமானார்.

தலையில் கட்டோடு கோல் போட்டவரை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் அவர் விட்டு வந்த இடம் என்னவாயிற்று? அருண் கோஷ் முதலானோர் அங்கே நின்று தாங்கியதால்தான் ஜர்னைல் சிங் முன்னால் போக முடிந்தது. தங்கராஜ் காய்ச்சலாய்க் கிடந்தபோது கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் தேறி வந்ததும் இறுதி ஆட்டத்தில் பர்மன் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் காத்துக் கொடுத்திராவிட்டால் இறுதி ஆட்டம் ஏது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை இன்றைக்கு ஒருவரும் அப்படிக் களத்தில் இறக்கக் கூடாது. அது வீரமல்ல, ஆபத்து. அக்காலத்தில் உலகக் கோப்பைப் பந்தயத்தில்கூட ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்ற வழியில்லை. 1970-ல் தான் இரண்டு பேரை மாற்றலாம் என்று வந்தது. 1995-ல் அது மூன்றாயிற்று. 2020-ல் பெருந்தொற்றின்போது ஐந்தாகி, 2022-ல் அதுவே நிலையான விதியாயிற்று. சிறுவர் ஆட்டங்களில் வெளியே வந்தவனை மீண்டும் இறக்கவும் சங்கத்தார் அனுமதிக்கலாம். ஓரத்தில் தகுதியான பையன் ஆயத்தமாயிருந்தால், அடிபட்ட பையனை மனச்சஞ்சலமில்லாமல் வெளியே அழைக்கலாம். ஓரத்தில் ஒருவரும் இல்லாவிட்டால், "இன்னும் பத்து நிமிஷம் தாங்குடா" என்று சொல்லத் தோன்றும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளையின் முழங்கால் ஆயுசுக்கும் கெட்டுப்போகலாம்.

அமெரிக்காவில் 'புட்பால்' என்று வேறோர் ஆட்டம் உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது அது. பெரிய பள்ளிக்கூடங்களில் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறொரு பதினொருவர். சின்னப் பள்ளிக்கூடங்களில் அத்தனை பிள்ளைகள் இல்லாததால், அதே பையன்கள் இரண்டு பக்கமும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் அறிவு மிகும் என்பது மெய்தான். ஆனால் கடைசிக் கட்டத்தில் கால் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் அடியும் படும். எனவே இரண்டு வேலையும் தெரிந்தவன் அணிக்கு வரப்பிரசாதம் என்றாலும், அவனுக்கு இளைப்பாற்றி கொடுக்க ஓரத்தில் ஆள் வேண்டும். கவலை இறைத்த மாட்டை அவிழ்த்துக் கட்டாமல் நாள் முழுவதும் ஓட்டுகிறவன் நல்ல குடியானவன் அல்ல.

நம் கோயமுத்தூரிலேயே ஒரு காட்சி நடந்தது. 2019 மார்ச் 9-ந் தேதி, நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பந்தயத்தின் கடைசி ஆட்டத்தை மினர்வா பஞ்சாப் அணியோடு ஆடியது. தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியது. பிற்பாதியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். அதன்பின் வெற்றிக்கான இரண்டு கோல்களையும் போட்டவர், தடுப்பு ஆட்டத்துக்குப் பேர்போன கௌரவ் போரா. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கைக்கு வந்தது. தடுக்கிறவனுக்குக் கோல் போடவும் தெரிந்திருந்ததன் பலன் அது.

பிரியமானவர்களே, பன்னிரண்டு அப்போஸ்தலர்களே எல்லாவற்றையும் செய்து வந்த காலத்தில், விதவைகளின் பந்தி விசாரணையில் குறை வந்தது. உடனே எழுவரைத் தெரிந்துகொண்டார்கள். பந்தி விசாரிக்க வைக்கப்பட்ட அர்ச். முடியப்பர் பிரசங்கிக்கவும் வல்லவர் என்று பிறகு தெரிந்தது. அர்ச். சின்னப்பரோ கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே வேதம் போதித்தார். நம் பங்கில் எப்படியிருக்கிறது? பாடற்குழுவுக்கும், திருநாள் வசூலுக்கும், ஞானோபதேச வகுப்புக்கும் அதே நாலு பேர். அவர்கள் களைத்துப்போகிறார்கள், இளைஞர்களோ, "எங்களை யார் கூப்பிட்டார்கள்?" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் மெய்.

ஆகையால் மூன்று பேருக்கு மூன்று வார்த்தை. விளையாட்டு ஆசிரியர்களே, ஓரத்தில் இருப்பவனை மறந்துவிடாதீர்கள். சிநேக ஆட்டங்களிலாவது அவனை இறக்குங்கள். அவனுக்கு இரண்டு இடத்திலும் பழக்கம் கொடுங்கள். ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்பதை அவனிடமே வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் உட்கார வைப்பதுதான் பையனின் மனதை ஒடிக்கிறது. பெற்றோரே, மில் வாசலில் பதிலிக்கு நின்ற அனுபவம் உங்களில் அநேகருக்கும், உங்கள் தகப்பன்மாருக்கும் உண்டு. இன்று வேலை உண்டோ இல்லையோ என்று தெரியாமலே குளித்து, சோறு கட்டிக்கொண்டு, சங்கு ஊதுமுன் போய் நின்றீர்களே, அது வெட்கமான காரியமா? தறி நிற்காமல் ஓடினது உங்களால்தானே! பிள்ளைகளே, அழைக்கிற நாளில் உங்கள் பூட்ஸின் கயிறு கட்டியிருக்கட்டும்.

அந்தப் பர்சபா என்னும் சூசையை நினைத்து முடிக்கிறேன். தகுதி இருந்தது, சீட்டு விழவில்லை. அவர் முறுமுறுத்தார் என்றோ, விலகிப் போனார் என்றோ வேதாகமத்தில் இல்லை. அதற்குமேல் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு வசனத்தில், தகுதியுள்ளவர் என்று அவர் பெயர் எழுதப்பட்டுவிட்டது. மனிதர் பார்க்காமல் விட்ட உழைப்பைச் சர்வேசுரன் பார்க்காமல் விடுவதில்லை.

அந்தத் தகப்பனாருக்கு என் பதில் இதுதான்: ஐயா, பூட்ஸை விற்றுவிடாதீர்கள். ஜூன் மாதம் பையனை அனுப்புங்கள். முதல் ஆட்டத்தன்று நானும் வந்து ஓரத்தில் அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.