அந்தப் பன்னிரண்டு நாட்கள்

1950களின் தொடக்கத்தில் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் (பின்னாளில் ‘ஷோலே’ படமாக்கப்பட்டதே, அந்தப் பாறை ஊர்தான்) டெல்லியின் லோதி காலனியிலும் பெண்களுக்கு மணிச்சரம் ஒன்று கொடுக்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். ஒரு நிறத்து மணி வந்தால் கணவனோடு சேரலாம். இன்னொரு நிறம் வந்தால் கூடாது. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுர் காந்திக்கு நெருக்கமானவர், கருத்தடைச் சாதனங்களை ஏற்காதவர். ‘பாதுகாப்பான நாட்கள்’ முறைக்கு மட்டும் அவர் இசைந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் சோதனைக்கு வழி சொன்னார்.

எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாலே கரு தங்காது என்று சில பெண்கள் நினைத்துவிட்டார்களாம். இந்தக் கதை வெகுகாலம் சொல்லிச் சிரிக்கப்பட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையில் கணவன் என்று ஒருவன் தலைகாட்டுவதே இல்லை.

மணிகளுக்குப் பின்னால் இருந்த அறிவு கேலிக்குரியதும் அல்ல. 1920களில் ஜப்பானில் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவுஸும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். கருமுட்டை வெளிப்படும் நாளை முந்திய மாதவிலக்கிலிருந்து எண்ணக் கூடாது. அடுத்து வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய பதினான்கு நாள் எண்ண வேண்டும். இன்னும் வராத ஒன்றை வைத்துப் போடும் கணக்கு! சுழற்சி நாலு நாள் முன்பின் ஆனால் அத்தனையும் தப்பும்.

ஆகவே காலண்டரை விட்டு உடலைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1950களில் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸும் பிறகு அவர் மனைவி ஈவ்லினும் கருப்பை வாய்ச் சுரப்பை ஆராய்ந்தார்கள். மாதவிலக்கு முடிந்தபின் வறட்சி, அப்புறம் பிசுபிசுப்பு, கருமுட்டை வெளிப்படும் சமயத்தில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிந்து நூலாக நீளும் வழவழப்பு. நம் பெண்களில் எத்தனையோ பேர் இதை நோய் என்று பயந்து ‘வெள்ளைப்படுது’ என்று டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் போகத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது உடல் தன் போக்கில் காட்டும் குறி.

விந்தணு ஐந்து நாள்வரை உள்ளே உயிரோடிருக்கும். கருமுட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். சுரப்பு ‘வரப்போகிறது’ என்று முன்கூட்டிச் சொல்லும். உடல் வெப்பம் ‘போய்விட்டது’ என்று பிறகுதான் சொல்லும். கருமுட்டை வெளிப்பட்டபின் அது சிறிதளவு ஏறி, மறு மாதவிலக்குவரை அப்படியே நிற்கும். ஆனால் காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன்பே வெப்பம் பார்க்க வேண்டும். பால்காரர் கூப்பிட்டு எழுந்தோடியவளுக்கும், இரவெல்லாம் குழந்தைக்காக விழித்தவளுக்கும் அந்த எண்ணை நம்ப முடியாது. இரண்டு குறிகளையும் சேர்த்துப் பயிற்சியோடு பார்க்கும் பெண்கள் நன்றாகவே பலன் கண்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற புதிதிலும், சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு தாறுமாறாக வருபவர்களுக்கும் இது கடினம்.

இதே மணிச்சரம் ஐம்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து திருந்திய வடிவில் திரும்பி வந்தது. சுழற்சி 26 முதல் 32 நாள்வரை உள்ள பெண்களுக்கு எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை, பன்னிரண்டு நாட்கள், உறவு கூடாது. பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாடுகளில் சோதித்தார்கள். பிசகாமல் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு நூறு பெண்களில் ஐந்து பேர் கருவுறுகிறார்கள். நடைமுறையில் பன்னிரண்டு பேர்.

அந்த ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது? மறதி இருக்கும், இருவருமே ஆசைப்பட்டுத் துணிந்ததும் இருக்கும். ஆனால் கணக்கைச் சரியாக வைத்திருந்தும், பதின்மூன்றாம் நாள் இரவில் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லாத பெண்ணும் அந்த எண்ணுக்குள் இருக்கிறாள். எந்த அட்டவணையிலும் அவளுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

இந்த ‘வேண்டாம்’ பற்றிய பேச்சு பழையது. 1935 டிசம்பரில் வார்தாவில், கருத்தடை உரிமைக்காகப் போராடிய அமெரிக்கர் மார்கரெட் சாங்கர் காந்தியைச் சந்தித்து வாதாடினார். கருத்தடைச் சாதனங்கள் எதற்கும் காந்தி இசையவில்லை. பாதுகாப்பான நாட்கள் முறையில் கொஞ்சம் தன்னடக்கம் இருக்கிறது என்ற அளவுக்கே இறங்கி வந்தார். பெண்கள் கணவனை மறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பாதி சரி. மறுக்கக் கற்பது அவள் பாடம் என்றால், மறுப்பைக் கேட்கக் கற்பது யார் பாடம்? 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் வற்புறுத்திக் கொள்ளும் உறவு பாலியல் வல்லுறவு ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்வதிலும் அதே கோணல்தான்: ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3.

மாத்திரையை ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடலாம். காப்பர் டி உள்ளே இருப்பதைக் கணவனிடம் சொல்லாமலே காலம் தள்ளலாம். இயற்கை முறைக்கு அந்த மறைவு கிடையாது. மருந்து இல்லை, கருவி இல்லை, பக்கவிளைவு இல்லை என்று அதைப் புகழ்கிறோம். ஆனால் மாத்திரை செய்யும் வேலையை இங்கே ஓர் ஆணின் பொறுமை செய்தாக வேண்டும். இயற்கை என்று நாம் பெயர் வைத்தாலும், உடல் நாளைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மீதி முழுக்க இருவருக்கு இடையிலான ஒப்பந்தம்.

ஜார்ஜ்டவுன்காரர்கள் மணிச்சரத்தைக் கொடுக்குமுன் ஆலோசகர் கேட்டாக வேண்டியவை என்று இரண்டை வைத்தார்கள். மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது முதலாவது. அந்தப் பன்னிரண்டு நாட்களில் உறவைத் தவிர்க்கவோ ஆணுறை போடவோ இருவரும் ஒத்துக்கொள்வீர்களா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அவள் விரல் மடக்கிப் பதில் சொல்லிவிடுவாள். இரண்டாவதற்கு அவள் தரையைப் பார்த்தால், மணிச்சரத்தை உள்ளே வைத்துவிட்டுக் காப்பர் டி பற்றிப் பேச ஆரம்பிப்பதுதான் நல்ல ஆலோசகரின் வேலை.